நிமித்திகரும் விரிச்சி கேட்பாரும்

சென்ற சித்திரை விடுமுறையில், முன்னாளிலே என்னிடம் பால பண்டித வகுப்பில் நன்னூல் பாடங்கேட்ட மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். கொழும்பிலே ஆடை ஏற்றுமதி செய்யும் கொம்பனி ஒன்றில் அவளுக்கு உத்தியோகம். "என்ன உத்தியோகம், பிள்ளை?" என்று கேட்டேன். தையலா? அன்று. கணக்கெழுதுவதா? அன்று. விற்பனையா? அதுவும் அன்று. "பார்க்கிறதுதான் வேலை, ஐயா. இரண்டு வருஷம் கழிச்சுச் சனங்கள் என்ன நிறம் உடுப்பினம், எதை விரும்புவினம் எண்டு இப்பவே பார்த்துச் சொல்லவேணும்" என்றாள்.

பஞ்சாங்கக்காரர்கூட வரும் ஓராண்டுக்கு மேலே துணிவதில்லை. இந்தப் பெண்ணோ ஈராண்டுக்கு அப்பால் நிற்கிறாள்! எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பையிலிருந்து எடுத்துப் பரப்பிய நிற அட்டைகளையும் படங்களையும் துணித்துண்டுகளையும் கண்டு, அவள் விரித்துரைத்தவற்றையும் கேட்ட பின்னர், இது சிரித்துவிட்டுப் போகத்தக்க விஷயம் அன்று என்பது தெளிவாயிற்று.

மேனாடுகளிலே இஃது ஒரு பெருந்தொழில். தமிழிலே இதற்கு நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. 'மோஸ்தர்' என்ற பழைய சொல் உடைக்கு மாத்திரமே பொருந்தும். இவர்களோ உடையோடு அமைவதில்லை. சுவரின் வர்ணம், நாற்காலியின் கால், சவர்க்காரத்தின் மணம், தேயிலைப் பொதியின் எழுத்து என்று, மக்களின் விருப்பம் எங்கெங்கே தலைகாட்டுமோ அங்கெல்லாம் இவர்களுடைய கண் செல்கிறது. வருபோக்கு உரைத்தல் என்று இப்போதைக்கு வழங்குவோம். இதனிலும் நல்ல சொல் கண்டவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.

வருவதை அறிய முயல்வது நமக்குப் புதிதன்று. நம் பழைய நூல்களிலே அதற்கு இரண்டு வழிகள் காணப்படுகின்றன. ஒன்று விரிச்சி. முல்லைப்பாட்டிலே முதிய பெண்டிர் ஊர்ப்புறத்துக்குச் சென்று, நெல்லும் மலரும் தூவி, வாய்பேசாது காத்து நிற்கின்றனர். ஆய்மகள் ஒருத்தி தாயைப் பிரிந்து நிற்கும் கன்றுக்குச் சொல்லும் ஆறுதல் அவர்கள் செவியில் விழுகிறது. அதனையே நற்சொல்லாகக் கொண்டு மீள்கின்றனர். மற்றொன்று நிமித்தம். நிமித்திகன் காத்து நிற்பவன் அல்லன். அவைநடுவே இருந்து, இன்னது நிகழும் என்று அறுதியிட்டு உரைப்பவன். முன்னவர்க்கு வேலை கேட்டல். பின்னவனுக்கு வேலை உரைத்தல். என் மாணவியின் தொழிலிலே இவ்விரண்டும் ஒன்றாய்ப் பிணைந்து கிடக்கின்றன. சிக்கல் முழுதும் அந்தப் பிணைப்பிலேதான்.

இத்தொழில் பிறந்த கதை சுவையானது. 1914 க்கு முன்னர் அமெரிக்காவிலே பட்டு நெய்வோரும் தொப்பி செய்வோரும் நிறத்தின் பொருட்டுப் பாரிஸ் மாநகரையே நோக்கியிருந்தனர். நிற அட்டைகள் பிரான்சிலிருந்து வந்தன. சாயங்களிற் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்து வந்தது. முதலாம் உலகயுத்தம் மூண்டதும் ஜெர்மன் சாயம் அருகிற்று; பாரிஸை நம்பியிருக்கவும் இயலவில்லை. 1915 ஆம் ஆண்டிலே அமெரிக்க வணிகர் தமக்கென நெசவு நிற அட்டைச் சங்கம் ஒன்றை நியூயோர்க்கில் நிறுவினர். அதனை மூன்று தசாப்தங்களுக்கு மேலாக நடத்தியவர் மார்கரெட் ஹேடன் ரோர்க் என்னும் அம்மையார். இவர் முன்னர் நாடகமேடையிலே நடித்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடியவர். பாரிஸிலே நிருபர் வைத்து, அங்கே சீமாட்டிகள் என்ன நிறம் பூணுகின்றனர் என்று எழுதுவித்து, அந்தச் செய்திகளைக் கொண்டு பருவந்தோறும் நிற அட்டை வெளியிட்டார்.

ஏன் இந்த முயற்சி? ஒரு பெண்ணின் தொப்பி ஒரு தொழிற்சாலையிலே ஆகிறது, அதிற் கட்டும் நாடா மற்றொன்றிலே, கையுறை வேறோர் ஊரிலே, சப்பாத்து வேறொன்றிலே. அவளோ எல்லாவற்றையும் ஒருசேர அணிந்து வெளியே போக விரும்புகிறாள். நிறம் ஒன்றோடொன்று ஒவ்வாவிட்டால் நால்வர் சரக்கும் கடையிலே தங்கிவிடும். ஆகவே நால்வரும் முன்கூட்டியே கூடிப் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியானால், இத்தொழில் தோன்றும்போது ஆரூடமாகத் தோன்றவில்லை, உடன்படிக்கையாகவே தோன்றிற்று. வருங்காலம் இன்ன நிறமாய் இருக்கும் என்று சொன்னதன் பொருள், இன்ன நிறமாய் அதனை ஆக்குவோம் என்பதே. இந்தப் பிறவிக்குணத்தை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

ஈராண்டுக் கணக்கும் அங்கிருந்தே வருகிறது. நூலுக்குச் சாயம் தோய்க்க வேண்டும், நெய்ய வேண்டும், வெட்டித் தைக்க வேண்டும், கப்பலேற்ற வேண்டும். 1963 இலே தொடங்கிய இன்ரர்கலர் என்னும் பன்னாட்டுக் குழுவின் பிரதிநிதிகள் ஆண்டுக்கு இருமுறை கூடி, ஏறத்தாழ ஈராண்டுக்கு அப்பாலுள்ள பருவத்தின் நிறங்களை ஆராய்கின்றனர். பின்னர் புளோரன்ஸ் நகரிலே நூற்சந்தை. அதன் பின்னர் பாரிஸிலே துணிச்சந்தை. இத்துணிச்சந்தை 1973 இல் லியோன் நகரத்து நெசவாளர் சிலரால் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு சந்தையிலும் முன்னைய சந்தையிற் சொல்லப்பட்டதே மூலதனம். சாயக்காரன் நம்பித் தோய்க்கிறான். நெசவாளன் தோய்த்ததை வாங்கி நெய்கிறான். தையற்காரன் நெய்ததை வாங்கித் தைக்கிறான். ஈற்றிலே கடைக்கு வருகிற பெண் அங்கே தொங்குவதைத்தானே வாங்கலாம்? வாங்கிவிட்டாள், ஆகவே குறி பலித்துவிட்டது!

பான்டோன் என்னும் அமெரிக்கக் கொம்பனி 2000 ஆம் ஆண்டு தொடங்கி ஆண்டுக்கொரு நிறத்தை அறிவித்து வருவதைப் பத்திரிகைகளிற் பலரும் படித்திருப்பர். முதலாண்டுக்கு ஒருவகை வானநீலம். 2025 க்கு ஒரு கபில நிறம். 2026 க்கு அறிவித்ததோ மேகத்தின் பெயர் சூட்டிய ஒரு வெள்ளை. வெள்ளை நிறமா, நிறமின்மையா என்று சிலர் வாதித்தனர். உலகம் பிளவுபட்டுக் கிடக்கையில் வெண்மையை மேன்மையாக்குவது தகுமா என்று வேறு சிலர் வினவினர். இவ்வாதங்கள் இருக்கட்டும். நிறமாதிரி ஏடுகளை விற்பதே அக்கொம்பனியின் வியாபாரம். குறி சொல்பவனே கோயிற் கடையும் வைத்திருந்தால் குறியின் நடுவுநிலைமையைப் பற்றிச் சற்றே யோசிக்க வேண்டும் அல்லவா?

ஈண்டு சிலப்பதிகாரத்தை நினையாதிருக்க முடியவில்லை. சேரன் அவையிலே நிமித்திகன் ஒருவன், மூத்தவன் இருக்க இளையவனுக்கே அரசிருக்கும் பொறி உண்டு என்று உரைத்தான். அதனைக் கேட்ட இளங்கோ, தமையனின் மனம் வருந்தாதவாறு துறவு பூண்டார். நிமித்தம் பொய்த்தது. இது வரலாறோ அன்றோ என்ற வழக்கை ஆராய்ச்சியாளரிடம் விட்டுவிடுவோம். நான் சுட்ட வந்தது வேறு. அந்த நிமித்தம் ஏன் பொய்த்தது? குறிக்கு உரியவனின் செவியிலே அது விழுந்தமையாற் பொய்த்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றை அமெரிக்கச் சமூகவியலறிஞர் ரொபேட் மேர்ட்டன் 1948 ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரையில் விளக்கினார். நல்ல நிலையிலுள்ள வங்கி ஒன்று முறியப்போகிறது என்று யாரோ சொல்லுகின்றனர். அது பொய். கேட்டவர்களோ ஓடிவந்து பணத்தை மீட்கின்றனர்; வங்கி முறிகிறது. சொன்னபோது பொய்யாயிருந்தது, நம்பினமையால் மெய்யாகிறது. ஆக, மனிதரைப் பற்றிய குறி மழையைப் பற்றிய குறி போன்றதன்று. மழைக்குச் செவி இல்லை. மனிதருக்கு உண்டு. கேட்டவர்கள் பணிந்தாற் பலிக்கும். இளங்கோவைப்போல் மறுத்தாற் பொய்க்கும்.

மறுத்ததும் உண்டு. 1970 இலே அமெரிக்காவில் அது நிகழ்ந்தது. முழங்காலுக்கு மேலே நின்ற பாவாடை இனிக் கெண்டைக்கால்வரை இறங்கும் என்று உடைத்துறைப் பத்திரிகைகள் உறுதியாக எழுதின. கடைக்காரரும் நம்பிக் கொள்வனவு செய்தனர். பெண்கள் வாங்கவில்லை. வாங்காததோடு அமையாமல் சங்கம் அமைத்துக் கையொப்பம் திரட்டினர். கடைவாயிலிலே பதாகை தாங்கி நின்றனர். சரக்குத் தேங்கியது, கடைக்காரர் நட்டப்பட்டனர். என் தீர்ப்பு யாதெனில், அந்த ஆண்டிலே நிமித்திகர் பலர் இருந்தனர். விரிச்சி கேட்பார் இலர். வெளியே வந்து நின்று, தெருவிலே போகிற ஒரு தட்டெழுத்துப் பெண்ணின் பேச்சைச் செவிமடுத்திருந்தால் அத்துணைத் துணியும் வீணாகியிராது.

அந்தக் கேட்டல் ஒரு கலை. ஒரு சாஸ்திரமும் ஆம். அது சீமாட்டிகளின் கூடத்திலிருந்து வந்ததென்று நினைப்பீர்கள். உண்மையிலே அது சோளக்கொல்லையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே, கலப்பினச் சோளவிதையை 259 கமக்காரர் எப்போது, யார் சொல்லி ஏற்றனர் என்று ரையன், குரொஸ் என்னும் இருவர் விசாரித்து 1943 இலே எழுதினர். விதையைப் பற்றி முதலிலே சொன்னவன் விற்பனைக்காரன். விதைக்கத் துணிவு தந்தவனோ அயற்காணிக்காரன். முதலில் ஒரு சிலர், அவர்களை மதிப்பவர்கள் அடுத்து, பெருந்திரள் பின்னே, ஈற்றிலே அசையாத சிலர். எவரட் றோஜர்ஸ் என்பார் 1962 இலே வெளியிட்ட நூலிலே இத்தகைய ஆராய்ச்சிகளைத் திரட்டி ஒரு கொள்கையாக்கினார். யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளர் எவருக்கும் இது புதுச்செய்தி அன்று. வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்துத்தானே இங்கும் விதை மாறுகிறது! வருபோக்கு உரைப்போர் தேடுவது அந்த முதற் சிலரையே.

எப்படித் தேடுகின்றனர்? என் மாணவி சொன்னதை என் நடையிலே தருகிறேன். ஊர் ஊராய்ச் செல்ல வேண்டும். சந்தை, நூதனசாலை, பழந்துணிக்கடை, புகையிரத நிலையம் எல்லாம் பார்க்க வேண்டும். ஓரிடத்திற் கண்டது தற்செயல். இரண்டாம் இடத்திற் கண்டால் ஐயம். தொடர்பில்லாத மூன்றாம் இடத்திலும் கண்டால் குறித்துக்கொள்ள வேண்டும். படங்களையும் துண்டுகளையும் பெரிய பலகையிலே குத்திவைத்து, நாட்கணக்காக அதன்முன் நிற்க வேண்டும். இவை ஏன் இப்போது தோன்றுகின்றன? மக்களுக்கு என்ன பயம்? எதிலே சலிப்பு? எதற்கு ஏக்கம்? விடை கிடைத்ததும் அதற்கு ஒரு பெயர் சூட்ட வேண்டும். "பெயர் வைக்கிறதுதான் ஆகக் கஷ்டம், ஐயா" என்றாள். அவள் நன்னூல் படித்தது வீண்போகவில்லை என்று மகிழ்ந்தேன். பழையன கழிவதும் புதியன புகுவதும் குற்றமன்று என்ற பவணந்தியாரும், எது கழிந்தது, எது புகுந்தது என்பதை மக்கள் வழக்கைப் பார்த்தே சொல்லியிருத்தல் வேண்டும்.

இத்துறையிலே உலகறிந்த பெயர் லீ எடல்கூர்ட் என்னும் ஒல்லாந்தப் பெண்மணியுடையது. பல தசாப்தங்களாகப் பெருங்கொம்பனிகளுக்கு வருபோக்கு உரைத்தவர். 2015 ஆம் ஆண்டிலே கேப்டவுன் நகரத்து மாநாடு ஒன்றில் அவர் எழுந்து, இந்த உடைத்துறை காலங்கடந்துவிட்டது என்று அறிக்கை விடுத்தார். விலை அளவிறந்து மலிந்தது, மலிவின் பாரம் தைப்பவர்மேல் இறங்கியது, மாணவர்க்கு நெசவறிவே அற்றுப்போகிறது என்பன அவர் கூறிய குறைகளிற் சில. குறி சொல்வோருள் மூத்தவர் ஒருவர் கோயிலையே குறைகூறிய காட்சி அது. அவருடைய எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடு என்று சொல்லமாட்டேன். ஆயினும், கேட்டுப் பழகிய செவியொன்றுதான் அந்த ஓசையை அவ்வளவு முன்னரே கேட்டிருக்க முடியும்.

இப்போது அந்தச் செவியின் இடத்துக்குக் கணினி வந்துகொண்டிருக்கிறது. 1998 இலே இலண்டனில் இரு சகோதரர் தொடங்கிய டபிள்யூ.ஜீ.எஸ்.என். என்னும் நிறுவனம், நிற அட்டையும் அறிக்கையும் அச்சிட்டு அனுப்பும் பழைய வழக்கத்தை மாற்றி, இணையத்தின் வழியே உலகெங்கும் கொடுத்தது. 2023 இலே அதனை எழுபது கோடி பவுணுக்கு விற்க உடன்பாடாயிற்று என்றால் இவ்வியாபாரத்தின் பருமனை ஊகித்துக்கொள்ளலாம். இன்று சமூக ஊடகங்களிலே மக்கள் இடும் படங்களை இயந்திரம் எண்ணுகிறது: எத்தனை பச்சை, எத்தனை கோடு, எத்தனை சுருக்கம், சென்ற மாதத்திலும் ஏறியதா, இறங்கியதா? இந்தக் கணக்கு விரைவானது, பயனற்றதென்று சொல்லேன். ஆனால் அந்தப் படங்களில் இருப்போர் எதை உடுத்திருக்கின்றனர்? ஈராண்டுக்கு முன்னர் நிமித்திகர் சொன்னதைத்தானே? இயந்திரம் அதனை எண்ணி, மக்கள் விருப்பம் இதுவே என்கிறது. நிமித்திகரும் அதனைக் கண்டு மீண்டும் அதையே சொல்லுகின்றனர். மலைமுன் நின்று தன் குரலையே கேட்டு, மலை தன்னோடு உடன்படுகிறது என்று மகிழ்வது போன்றது இது. படம் இடாதவர்களின் விருப்பம் அந்த எண்ணிக்கையிலே இல்லை. அவர்கள் உலகத்திற் சிறுபான்மையினர் அல்லர்.

எண்ணிக்கையிலே அகப்படாத ஒன்று எப்படி வரும் என்பதற்குச் சென்னைத் துணியின் கதை ஒன்று உண்டு. 1958 அளவிலே சென்னைக் கட்டத்துணி பெருந்தொகையாக அமெரிக்கா சென்றது. குளிர்நீரிலே மெல்லத் துவைக்க வேண்டும் என்ற அறிவுரை மாத்திரம் உடன் செல்லவில்லை. துவைத்தபோது சாயம் ஓடிற்று, வாங்கியோர் சினந்தனர், வழக்குவரை போகும்போலிருந்தது. ஈற்றிலே அந்தச் சாயமோட்டத்தையே சிறப்பாக்கி விளம்பரம் செய்ய, ஒவ்வொரு துவைப்பிலும் புதுநிறம் காட்டும் துணி என்று இளைஞர் தேடி வாங்கினர் என்பர். எந்த அட்டையிலே, எந்தக் குழுவிலே இது முன்னறியப்பட்டது? ஒன்றிலும் இல்லை.

கேட்டல் என்றேன். யாரிடம் கேட்டது என்பதைச் சொல்லுதலும் அதிலே அடங்கும். இங்கேதான் இத்தொழிலின் பெருங்குறையைக் காண்கிறேன். 2025 யூன் மாதத்திலே மிலான் நகரத்து அரங்கில் பிராடா என்னும் இத்தாலிய நிறுவனம் ஒருவகைத் தோற்செருப்பைக் காட்டியது. பார்த்த இந்தியர், இது நம் கோலாப்பூரிச் செருப்பு அல்லவா என்று கிளர்ந்தனர். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்படுவது அது; 2019 இலே புவிசார் குறியீடும் பெற்றது. அரங்கிலே அந்த ஊரின் பெயர் இல்லை. தொழிலாளியின் பெயரைப் பற்றிக் கேட்பானேன்! கண்டனம் எழுந்த பின்னரே அந்நிறுவனம் இந்திய மரபுக்குத் தான் கடமைப்பட்டதை ஏற்றது. அவ்வாண்டு டிசம்பரிலே, அக்கைவினைஞரோடு சேர்ந்து இந்தியாவிலே செருப்புச் செய்விக்க ஒப்பந்தமும் அறிவித்தது. நல்ல முடிவே. ஆனால் மேற்கோளுக்கு ஆசிரியர் பெயர் குறியாத மாணவனை நாம் வகுப்பிலே என்ன செய்வோம்? சந்தையிலே படம்பிடித்தவர், பலகையிலே குத்தியவர், பெயர் சூட்டியவர் எல்லாருடைய கையையும் கடந்துதான் ஒரு செருப்பு மிலானுக்குப் போகிறது. அந்த வழியிலே எங்கோ ஊர்ப்பெயர் உதிர்ந்துவிடுகிறது.

குறி பிழைத்தால் யார் இழப்பது என்ற கேள்வி நமக்கு அயலது அன்று. 1978 இலே கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய நாள்முதல் நம் நாட்டு ஏற்றுமதியிலே பெரும்பங்கு ஊசிமுனையிலே நிற்கிறது. அங்கே தைப்பவர்களிற் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். பாரிஸிலும் இலண்டனிலும் குறிக்கப்பட்ட நிறம் இங்கே ஒரு கட்டளைத் தாளாக வந்து சேர்கிறது. 2020 இலே கொள்ளைநோயால் மேனாட்டுக் கடைகள் மூடப்பட்டபோது, அந்தக் கட்டளைகள் பல ஒரு மின்னஞ்சலிலே இரத்தாயின. தைத்து முடிந்த சரக்குக்கும் பணம் தர மறுத்தோர் உண்டு. அந்த ஆண்டைப் பற்றி 2018 இலே குறி சொன்னவர்கள் நிறம் சொன்னார்கள், நோய் சொல்லவில்லை. அதற்காக அவர்களைக் குறைகூறுதல் நேர்மையன்று. நோயை யார்தான் அறிவார்? நான் கேட்பது, குறிக்குரிய கூலி முன்னமே கைமாறிவிட, பிழைக்குரிய கூலி மாத்திரம் ஊசியிடத்தே வந்து சேருவது எந்தக் கணக்கு என்பதே. அறிக்கை எழுதுவோர் அறிக்கையின் ஈற்றிலே, முன்னாண்டிலே தாம் சொன்னவற்றுள் எவை பலித்தன, எவை பிழைத்தன என்று ஒரு பக்கம் எழுதலாம். பஞ்சாங்கக்காரரிடம் கேட்க முடியாததை இவர்களிடம் கேட்கலாம். இவர்கள் தம்மை ஆய்வாளர் என்றல்லவோ சொல்லிக்கொள்கின்றனர்.

இவற்றையெல்லாம் என் மாணவியிடமும் சொன்னேன். அவள் மறுக்கவில்லை, முழுதும் ஒப்பவும் இல்லை. "நாங்கள் சொல்லாட்டி வேறை ஆரும் சொல்லத்தான் போயினம், ஐயா. நாங்கள் பார்த்திட்டாவது சொல்லுறம்" என்றாள். அந்த விடையிலே நியாயம் உண்டு.

புறப்படுமுன் அவள் பலகைக்கென்று எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள். எங்கள் சந்தையிலே பனையோலைப் பெட்டி இழைத்து விற்கும் முதியவர் ஒருவருடைய பெட்டியின் விளிம்பு. ஊதாவும் மஞ்சளுமாக ஓலையை மாற்றி மாற்றிப் பின்னிய கரை. கொழும்பிலே எல்லாருக்கும் பிடிக்கும் என்றாள். "படத்தின் கீழே ஆச்சியின் பெயரையும் போடுவீரோ?" என்று கேட்டேன். அந்தப் பத்திரத்திலே அதற்கு நிரல் இல்லையாம்: திகதி உண்டு, இடம் உண்டு, நிற எண் உண்டு. "பெயராவது தெரியுமோ?" என்றேன். தெரியாது. பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கமாகப் போனாள்.